ஒரே குடும்பம், இரண்டு வருமான வரம்புகள்

வீட்டுக் கடன் மானியத்துக்கு வங்கி உங்களை நடுத்தர வருமானப் பிரிவில் வைத்தது, மகளின் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்றிதழுக்கோ உங்கள் சம்பளத்தைச் சேர்க்க வேண்டாம் என்றார்கள், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் உங்களுக்குச் சொன்னது சரிதான். அரசு எழுத்தராகிய உங்கள் மாதச் சம்பளம் 46,000, மனைவியின் தையல் வருமானம் மாதம் 12,000 என்று எழுதியிருக்கிறீர்கள், ஆண்டுக்கு 6.96 லட்சம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் நகர்ப்புறக் கட்டத்தில் 3 லட்சம் வரை நலிந்த பிரிவு, 6 லட்சம் வரை குறைந்த வருமானம், 9 லட்சம் வரை நடுத்தர வருமானம். ஆகவே வங்கி உங்களை நடுத்தரப் பிரிவில் வைத்தது முறையே.

மகளின் ஓபிசி சான்றிதழுக்கான 8 லட்ச வரம்பில் கணக்கே வேறு. அங்கே அரசு ஊழியரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. சம்பளத்துக்குப் பதிலாகப் பதவியின் தரத்தையே பார்க்கிறார்கள். நீங்கள் குரூப் சி (எழுத்தர் நிலைப் பணி) என்பதால் எஞ்சுவது தையலில் வரும் 1.44 லட்சம் மட்டுமே. குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: இரு படிவங்களிலும் ‘குடும்ப ஆண்டு வருமானம்’ என்றே அச்சிட்டிருப்பார்கள், எதைச் சேர்ப்பது என்பதைச் சொல்லமாட்டார்கள்.

சம்பளம், விவசாயம், பிற வருமானம் என மூன்று வரிகளாக, தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரிதான் சான்றிதழுக்கு முக்கியம்.

ஓர் எச்சரிக்கை: இட ஒதுக்கீடு இல்லாத பிரிவினருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டிலும் வரம்பு 8 லட்சம்தான், ஆனால் அங்கே சம்பளம், விவசாயம் எல்லாமே சேரும், அந்த விதியை யாரேனும் உங்களுக்குச் சொன்னால் ஏற்க வேண்டாம். வீட்டுக் கடன் மானியத்துக்கோ, குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு (உறுதியாகக் கட்டிய நிலையான வீடு) இருக்கக் கூடாது.