மிச்சத்தைச் சாப்பிடுகிறவள்

அன்புள்ள அக்கா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வயது 41. ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, "சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள்" என்றார் டாக்டர். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து போனில் சேமித்து வைத்த வீடியோ மட்டும் 120 இருக்கும். பேலியோ, 16 மணி நேரப் பட்டினி, சிறுதானியம், வெந்நீரில் தேன், ஆளிவிதை. ஒருவர் சோறுதான் எதிரி என்கிறார், இன்னொருவர் எண்ணெய் என்கிறார். காலையில் சாப்பிடாதே என்கிறாள் தங்கை. காலைச் சாப்பாட்டை விடவே கூடாது என்கிறார் நாத்தனார். வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்கு ஒரு விதம், பிள்ளைகளுக்கு ஒரு விதம் சமைத்துவிட்டு, எனக்கென்று மூன்றாவதாக ஒரு சமையல் செய்ய முடியுமா? இன்னும் எதையும் தொடங்கவில்லை. நீங்கள் இளைத்ததைப் பற்றி முன்பு போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம்.

வ., கடலூர்

*

அன்புள்ள வ.,

நான் டாக்டர் இல்லை. ஏழு கிலோ இறக்கி, அதில் இரண்டைத் திரும்ப ஏற்றிக்கொண்ட ஒருத்தி, அவ்வளவுதான். அந்த அளவுக்கு நம்புங்கள்.

உங்கள் 120 வீடியோ மாதிரி எனக்கு ஓர் அலமாரி இருந்தது. புதுச்சேரிக்குக் குடிவந்த புதிதில், 46 வயதில், யார் எதைச் சொன்னாலும் வாங்கி வைப்பேன். ஓட்ஸ், ஆளிவிதை, சியா விதை, குதிரைவாலி, ஆப்பிள் சீடர் வினிகர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குதிரைவாலியில் வண்டு, எனக்கு மூன்று கிலோ கூடுதல். வாங்கி வைத்த அன்றைக்கே பாதி இளைத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அது பொல்லாதது. வீடியோவைச் சேமிக்கும்போதும் அதே நிம்மதிதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

அந்த வீடியோக்காரர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையிலும் இளைத்தவர்கள் இருக்கிறார்கள். பேலியோவில் சோறும் இனிப்பும் நொறுக்குத்தீனியும் ஒரே வீச்சில் போகின்றன. 16 மணி நேரப் பட்டினியில் ராத்திரி பத்து மணி மிக்சர் போகிறது. வழி வேறாக இருந்தாலும், முன்பு சாப்பிட்டதைவிடக் குறைவாகச் சாப்பிடுவதில்தான் எல்லாம் வந்து சேர்கிறது. "அஞ்சு நாளில் மூணு கிலோ" என்று வருவதிலும் முழுப் பொய் இல்லை. உடம்பு மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும்போது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கிறது. சோற்றை நிறுத்தினால் முதலில் வடிவது அந்தத் தண்ணீர். மறுபடி சோறு சாப்பிட்டால் அதுவும் திரும்பி வரும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7700 கலோரி குறைய வேண்டும். ஐந்து நாளில் அது எத்தனை கிலோவுக்கு நடக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இன்னும் இரண்டு விஷயத்தைச் சட்டென்று தள்ளிவிடலாம். தினை, கேழ்வரகு எல்லாம் நல்லதுதான், நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும். ஆனால் எடைக்கு எடை அரிசிக்கும் அதற்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. தினைப் பொங்கலில் நெய் மிதந்தால் அதுவும் பொங்கல்தான். நாட்டுச் சர்க்கரையும் தேனும் அப்படியே. பெயர்தான் வேறு.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது "வீட்டில் ஐந்து பேர்" என்ற வரி. அந்த வீடியோக்கள் எல்லாம் தனக்கென்று ஒரு தட்டு, ஒரு தராசு, ஒரு அடுப்பு வைத்திருக்கும் ஆளிடம் பேசுகின்றன. உங்களுக்கும் எனக்கும் தட்டே கிடையாது. எல்லாருக்கும் போட்டு முடித்துவிட்டு, சட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் நம் சாப்பாடு.

ஒரு வாரம் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், வாயில் போட்டதை எல்லாம் எழுதினேன். இளைக்க வேண்டும் என்று கூட இல்லை, சும்மா பார்ப்போமே என்றுதான். முதல் நாளே வெட்கமாகிவிட்டது. பையன் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை. உப்புப் பார்க்கிறேன் என்று நாலு தரம் உருளைக்கிழங்கு. மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகு, குக்கரின் அடியில் இரண்டு கரண்டி சோறு இருக்கிறதே, இதை எதற்கு ஃபிரிட்ஜில் வைப்பது என்று ரசம் ஊற்றி ஒரு வாய். மாமியார் பாதி கடித்துப் பல் வலிக்கிறது என்று வைத்த முறுக்கு. இதில் ஒன்றைக்கூட நான் "சாப்பிட்டது" என்று கணக்கில் வைத்ததில்லை. யாராவது கேட்டால் காலையில் மூன்று இட்லி, மத்தியானம் கொஞ்சம் சோறு என்றுதான் சொல்லியிருப்பேன். சத்தியமாக நம்பிச் சொல்லியிருப்பேன்.

சோற்றைக் கொட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதில் தவறு இல்லை. ஆனால் கொட்டக் கூடாது என்பதற்காக அதை உள்ளே தள்ளும் வேலை வீட்டில் ஒரே ஆளுக்கு விழுகிறதே, ஏன்? உங்கள் கணவர் கடைசிக் கரண்டிக் குழம்பு வீணாகிறதே என்று சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

நான் செய்தது சின்ன விஷயம். உலையில் அரை டம்ளர் அரிசியைக் குறைத்தேன். சுமார் 80 கிராம், 280 கலோரி. வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே விஷயம், மிச்சம் இல்லை. அப்படியும் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன், மறுநாள் பழைய சோறு. இன்னொன்று, மற்றவர்களுக்குப் பரிமாறும் முன்பே எனக்கு ஒரு தட்டில் போட்டு மூடி வைத்துவிடுவேன். மாமியார் முதல் வாரம் ஒரு மாதிரி பார்த்தார். "அவளுக்கு முதல்ல எடுத்து வச்சுக்கிறா" என்று போனில் யாரிடமோ சொன்னதும் காதில் விழுந்தது. விழட்டும்.

அப்புறம் எண்ணெய். நாங்கள் நான்கு பேர், மாதம் நான்கு லிட்டர். தலைக்கு ஒரு லிட்டர் என்றால் நாளுக்கு 270 கலோரி எண்ணெயிலேயே போகிறது. செக்கு எண்ணெய் என்றாலும் கிராமுக்கு அதே ஒன்பது கலோரிதான். பாட்டிலைச் சாய்ப்பதை விட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றியதில் நான்கு லிட்டர் இரண்டரை ஆனது. எல்லாருக்கும் சேர்த்தே குறைந்தது. உங்களுக்குத் தனிச் சமையல் வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் தட்டில் பாதி காய்கறியும் பழமும் என்று இருக்கிறது. நம் வீடுகளில் பொரியல் என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி. அதை மூன்று கரண்டி ஆக்குங்கள், சோறு தானாகக் குறையும். கடலூர்க்காரருக்கு மீனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள், வறுவலை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீன் இல்லாத நாளில் முட்டையோ சுண்டலோ.

நடை? நட என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அதை வைத்து இளைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் மாலை வண்டி விடமாட்டார்கள், ஒரு கூட்டமே நடக்கும். நானும் ஒரு மணி நேரம் நடந்து 200 கலோரி செலவழித்து, கடைசியில் தோழியோடு மிளகாய் பஜ்ஜி தின்று அதற்கு மேல் வாங்கிக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. உங்களுக்கு வெள்ளி கடற்கரை பக்கம், அங்கேயும் பஜ்ஜிக் கடைதான். ராத்திரி சாப்பிட்டதும் தெருவிலேயே கால் மணி நேரம் நடங்கள், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கு அது நேராக உதவும்.

இலக்கு 55 கிலோ என்று எங்காவது எழுதி ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள். இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். உங்களுக்கு அது நான்கு கிலோ. நாளுக்கு 250 கலோரி குறைத்தால் முதலில் மாதம் ஒரு கிலோ போல இறங்கும், போகப் போக மெதுவாகும். மாதவிலக்கு நெருங்கும்போது ஒன்றிரண்டு கிலோ ஏறிக் காட்டும், அது தண்ணீர். அன்றைக்கு எடை மெஷின் பக்கம் போகாதீர்கள். தைராய்டு பார்க்கவில்லை என்றால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் மாமியார் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரா என்று எழுதவில்லை. சாப்பிடுகிறவர் என்றால், டாக்டரைக் கேட்காமல் அவரைப் பட்டினிக்குக் கூட்டு சேர்க்காதீர்கள். சில மாத்திரைகளோடு பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும்.

எல்லையில் நிற்கிறது என்றதும் உங்களுக்கு மட்டும் ஏதோ ஆகிவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வில் புதுச்சேரியில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை நோய். நாடு முழுக்க எடுத்தால் 11. எங்கள் தெருவில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பாயசத்தை வேண்டாம் என்று கை மறைக்கிறவர்களை எண்ணியே அது சரி என்று சொல்லிவிடலாம்.

ஆக, இந்த வாரம் காலண்டர் தாள் மட்டும். எதையும் குறைக்க வேண்டாம், எழுதுங்கள் போதும். அடுத்த வாரம் அதில் கண்ணை உறுத்துகிற ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பரிசோதனை எடுங்கள். அது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் என்பதால் அதற்கு முன் எடுத்துப் பயனில்லை. முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

தங்கைக்கும் நாத்தனாருக்கும் நடுவே ஓடும் காலைச் சாப்பாட்டு வழக்கை விட்டுவிட்டேனே. காலையில் உங்களுக்குப் பசிக்கிறதா? இரண்டு பேரும் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

அன்புடன்
அக்கா