12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்க 7805 போதுமா, பக் மாட்யூல் வாங்க வேண்டுமா?

12 வோல்ட் அடாப்டரில் ஒரு நோட்எம்சியு வைஃபை போர்டு, ஒரு ரிலே, ஒரு சின்ன சர்வோ மோட்டார் ஓட்டுகிறீர்கள், அதை 5 வோல்ட்டாக இறக்கும் 7805 சிப் கை வைக்க முடியாமல் சுடுகிறது, இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சுடத்தான் செய்யும். கணக்கே அப்படி.

7805 லீனியர் வகை ரெகுலேட்டர். தேவைக்கு மேல் வரும் வோல்ட்டேஜை வெப்பமாக்கித் தள்ளுவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. 12-லிருந்து 5 போனால் மீதி 7 வோல்ட். உங்கள் லோடு (போர்டு, ரிலே, சர்வோ எல்லாம் சேர்ந்து) அரை ஆம்பியர் இழுத்தால் 3.5 வாட் வெப்பம். லோடுக்குப் போய்ச் சேர்வது 2.5 வாட்தான். ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத 7805-ல் ஒவ்வொரு வாட்டுக்கும் உள்ளே 50 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். ஏட்டுக்கணக்கில் 200 டிகிரி பக்கம் போய்விடும். அந்த அளவு போகும் முன்பே சிப்பில் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு வெளியீட்டை அடக்கிவிடும், போர்டு ரீசெட் ஆகும். நாமோ புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்போம்.

அதற்காக 7805-ஐ ஒதுக்கிவிட வேண்டாம். 9 வோல்ட் கொடுத்து 50 மில்லி ஆம்பியர் மட்டும் எடுத்தால் வீணாவது 0.2 வாட், சூடே தெரியாது. வீணாகும் வாட் ஒன்றைத் தாண்டுகிறதா என்று மட்டும் நான் பார்ப்பேன். தாண்டினால் பக் கன்வெர்ட்டர், அதாவது மீதி வோல்ட்டேஜை வெப்பமாக்காமல் சுவிட்ச் செய்து இறக்கும் சர்க்யூட்.

கடைகளில் அதிகம் கிடைப்பது எல்எம்2596 மாட்யூல். இதில் உள்ளே ஒரு சுவிட்ச் வினாடிக்கு 1,50,000 தடவை திறந்து மூடுகிறது. காயிலும் கெபாசிட்டரும் அதைச் சமன் செய்து நேர் வோல்ட்டேஜாக்குகின்றன. 12-லிருந்து 5-க்கு இறக்கும்போது ஏறக்குறைய 80 சதவீதம் பலன் கிடைக்கும். 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் வேண்டுமென்றால் 12 வோல்ட் பக்கம் அரை ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், அவ்வளவுதான். 7805 அங்கேயும் முழு 1 ஆம்பியர் கேட்கும். மாட்யூலில் 3 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். மலிவு விலை மாட்யூல்களில் போலிச் சிப்புகள் நிறைய, 1.5 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து எடுப்பதாக இருந்தால் ஹீட் சிங்க் ஒட்டிவிடுவேன்.

மாட்யூல் வந்ததும் போர்டில் மாட்டிவிடாதீர்கள். முதலில் லோடு இல்லாமல் 12 வோல்ட் கொடுத்து, வெளியீட்டில் மல்டிமீட்டர் வைத்து, நீல நிற ட்ரிம்பாட்டின் பித்தளைத் திருகைத் திருப்புங்கள். பல சுற்று திருப்பும் வகை அது. முதல் சில சுற்றுகளில் மீட்டர் அசையாமல் இருக்கலாம், மாட்யூல் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். 5 வோல்ட் வந்ததும் திருகின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். அப்புறம் கை பட்டாலும் நகராது. பிளஸ், மைனஸ் மாறினால் காப்பாற்ற இந்த மாட்யூல்களில் பொதுவாக எதுவும் கிடையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லிஸ்டில் என்னைக் கவலைப்பட வைப்பது சர்வோதான். அது திரும்பத் தொடங்கும் கணத்தில் கரண்ட் குபுக்கென்று ஏறும், 5 வோல்ட் ஒரு நொடி சரியும், வைஃபை போர்டு ரீசெட் ஆகும். சர்வோவுக்குத் தனியாக இன்னொரு பக் மாட்யூல் போடுங்கள்; கிரவுண்டு (மைனஸ் பக்கம்) மட்டும் பொதுவாக இருக்கட்டும். சர்வோ ஒயர் பக்கத்திலேயே ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இருந்தால் நல்லது.

பக்கில் ஒரு குறை, வெளியீட்டில் ஒட்டிக்கொண்டு வரும் சிற்றலை, அதாவது வோல்ட்டேஜின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். ரிலேவும் சர்வோவும் இதைக் கண்டுகொள்ளாது. ஆடியோ ஆம்ப்ளிஃபையரோ நுணுக்கமான சென்சாரோ பின்னால் சேர்த்தால் இரைச்சலாகத் தெரியும். அப்போது அதற்கென்று தனியாக ஒரு பக்கை 7.5 வோல்ட்டில் நிறுத்தி, அதன் பின்னால் ஒரு 7805 போடலாம். மீதி 2.5 வோல்ட்தான், சூடும் இருக்காது.

பேட்டரியில் மாதக்கணக்கில் தூங்கி விழிக்கும் புராஜெக்ட் என்றால் இரண்டுமே சரிப்படாது, சும்மா இருக்கும்போதே இவை 5 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். உங்களுடையது அடாப்டரில் ஓடுவதால் அந்தத் தொல்லை இல்லை.