கார்சியா: பொதுப் பெயரை விட்டு அரிய பெயரைப் பிடியுங்கள்

வாசகர் கேள்வி: மருமகன் மெக்சிகோக்காரர், குடும்பப் பெயர் கார்சியா. அது பாஸ்க் மொழிப் பெயர் என்கிறார்கள். அவர்கள் பூர்வீகம் பாஸ்க் நாடுதானா? ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாஸ்க் நாடு என்பது ஸ்பெயினின் வடக்கில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய, தனி மொழி பேசும் பகுதி. சொல் பாஸ்க்காக இருக்கலாம். அதை வைத்துக் குடும்பமும் பாஸ்க் என்று சொல்லிவிட முடியாது. 'கரடி' என்று பொருள்படும் 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. 'இளையவன்' என்று பொருள்படும் 'காஸ்தே' என்பது இன்னொன்று. இரண்டுமே முடிந்த முடிவல்ல. உறுதியானது என்னவென்றால், முதலில் இது ஆளின் பெயர். 9ஆம் நூற்றாண்டிலேயே வடக்கு ஸ்பெயினின் பாம்ப்லோனா அரசை ஒரு கார்சியா ஆண்டார்; 910இல் அங்கேயே லியோன் அரசில் இன்னொரு கார்சியா அரியணை ஏறினார். 1563இல் கோவாவில் மூலிகை நூல் அச்சிட்ட போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவுக்கும் அது இட்ட பெயர்தான். ஊருக்கு ஊர் கார்சியாக்கள் இருந்ததால் அவரவர் பிள்ளைகள் தனித்தனியாக அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஒரே மூதாதை என்று யாரும் கிடையாது.

இன்று ஸ்பெயினில் முதலிடம் இதற்குத்தான்: ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு முதல் குடும்பப் பெயர். அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் 11,66,120 பேருடன் ஆறாவது இடம். பிலிப்பைன்ஸிலும் கார்சியாக்கள் ஏராளம். அங்கே 1849இல் ஆளுநர் கிளாவேரியா போட்ட ஆணையின்படி, பட்டியலைப் பார்த்துக் குடும்பப் பெயர்களைப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஆகவே பெயர் ஸ்பானியமாக இருப்பதால் ரத்தமும் ஸ்பானியம் என்றாகாது.

இனி தேடல். ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்: முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸை வெறும் 'மார்க்கேஸ்' என்றால் அப்பா பெயரையே வெட்டிவிட்டதாகும். உங்களுக்குக் கைகொடுப்பது அந்த இரண்டாவது பெயர்தான். மருமகனின் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவரின் இரண்டாவது பெயரையும் கேட்டு எழுதுங்கள். திருமணமானாலும் பெண்கள் பெயர் மாறாது என்பதால் பாட்டிகள் வழியாகவும் மேலே போகலாம். அரிய பெயர் ஒன்று சிக்கினால் ஸ்பெயின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் இணையதளத்தில், குடும்பப் பெயர் தேடும் பக்கத்தில் அதை இடுங்கள்; மாகாணவாரியாகக் காட்டும். மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் மாட்ரிட் போன்ற பெருநகரங்கள்தான் துருத்திக்கொண்டு நிற்கும். ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்ற கணக்கைப் பாருங்கள். ஆனாலும் அது தடயம் மட்டுமே, ஆதாரம் இல்லை.

ஆதாரம் பதிவேட்டில் இருக்கிறது. மெக்சிகோவில் அரசுப் பிறப்புப் பதிவு 1859இல் சட்டமானது. அதற்கு முன்னால் தேவாலய ஞானஸ்நானப் பதிவு. கிடைக்கிற மிக அண்மைய பதிவிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் வேறொரு கார்சியா வீட்டுக்குள் நுழைந்துவிடுவீர்கள். மேற்கொண்டு தேடியதெல்லாம் வீண். இன்னொரு இடறல் எழுத்தர் கைவண்ணம்: முழுப் பெயரையும் எழுதாமல், ரோமன் 'ஜி' போட்டு அதன் தோளில் ஒரு குட்டி 'ஏ'யை வைத்துவிடுவார். 'சி'க்குப் பதில் 'இசட்' போட்டதும் உண்டு. கணினித் தேடலில் இவை தப்பிவிடும். பக்கத்தைக் கண்ணால் புரட்டித்தான் ஆக வேண்டும்.

நாரை போட்ட 'கார்சியா குலச் சின்னம்' விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். சின்னம் குறிப்பிட்ட குடும்பக் கிளைக்கு உரியது, பெயருக்கு அல்ல.