நடைப்பயணத்தில் பதிவாகும் ஜிபிஎஸ் தடங்களை எப்படித் திருத்தி, சேர்த்து வைக்கிறீர்கள்?

மொரீஷியஸில் ரோஸ்ஹில்லில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மழை இல்லையென்றால் ஏதாவது ஒரு மலை ஏறுவேன். ஃபோனில் ஓஸ்எம்ஆண்ட் செயலி தடத்தைப் பதிவு செய்யும். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தடப் புள்ளிகள் இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைக் கணினியில் போட்டு, ஜிபிஎஸ் ப்ரூன் என்ற இலவச மென்பொருளில் திறப்பேன். ஜாவா இருந்தால் பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

அசல் கோப்பில் கை வைக்கவே மாட்டேன். அதற்குத் தனி ஃபோல்டர். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நகலில்தான்.

போன மாதம் 812 மீட்டர் உயர லெ பூஸ் மலை ஏறி இறங்கிவிட்டு, பதிவை நிறுத்த மறந்து சேன் பியேரில் பஸ் ஏறிவிட்டேன். தடத்தில் மொத்தம் 19 கிலோமீட்டர், அதிக வேகம் 54! மச்சானிடம் காட்டினால், "மலையிலிருந்து உருண்டே வந்தீங்களா?" என்கிறார். பஸ் நிறுத்தத்துப் புள்ளியைத் தொடக்கமாகவும் கடைசிப் புள்ளியை முடிவாகவும் குறித்து, நடுவிலுள்ளதை மொத்தமாக நீக்கினேன்.

உச்சியில் உட்கார்ந்து டால்பூரி சாப்பிட்ட அரை மணி நேரம் இன்னொரு தலைவலி. நான் அசையவில்லை, தடமோ கோழி கிளறியது போல இருந்தது. ஜிபிஎஸ் காட்டும் இடம் சில மீட்டர் அங்குமிங்கும் ஆடும். வினாடிக்கு ஒரு புள்ளி என்றால் அரை மணிக்கு 1,800 புள்ளிகள். அந்த ஆட்டமெல்லாம் தூரக் கணக்கில் ஏறிவிடும். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் விட்டுவிட்டு மற்றவற்றை அழித்தேன். நின்ற நேரம் அப்படியே இருக்கும், நடக்காத தூரம் போய்விடும்.

புள்ளிகளைக் குறைக்கத் தடத்தைச் சுருக்கும் வசதியும் ஜிபிஎஸ் ப்ரூனிலேயே உண்டு. நான் அதிகம் தொடுவதில்லை. கொஞ்சம் தாராளமாகச் சுருக்கினால் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் நேர்கோடாக்கிவிடும். கோப்பு என்ன, ஒன்றிரண்டு எம்பிதானே?

அப்புறம் நேரம். ஜிபிஎக்ஸ் கோப்பில் இருப்பது உலகப் பொது நேரம். நமக்கு அதைவிட 4 மணி நேரம் கூடுதல். தைப்பூசத்தன்று விடியற்காலை 3.30-க்குக் கோர் த கார்த் மலைக்கோயிலுக்குக் கிளம்பிய நடை, கோப்பில் முந்தைய நாள் இரவு 11.30 என்று இருந்தது. கோப்பின் நேரத்தை மாற்றாதீர்கள். ஃபோட்டோக்களைத் தடத்தோடு பொருத்தும்போது மட்டும் அந்த 4 மணி நேரத்தைக் கணக்கில் எடுத்தால் போதும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது உள்ளூர்த் தேதியை நானே போடுகிறேன்.

கையால் ஒரு இடத்தைச் சேர்த்தால், அட்சரேகைக்கு முன்னால் மைனஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள். நாம் தென்கோளம். ஒருமுறை அதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயில் ஓமானில் போய் நின்றது.

பழைய காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து தடத்தின் அடியில் வைப்பவர்களுக்கு ஒன்று. வரைபடத்தில் இடங்களைக் குறிக்க இங்கே முன்பு பயன்படுத்திய அளவை அடிப்படையின் (datum) பெயர் 'லெ பூஸ் 1934'. ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறு. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் தடம் சில நூறு மீட்டர் தள்ளி விழும். நான் ஃபோன்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

யாருக்காவது தடத்தை அனுப்பும்போது மட்டும், வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரையுள்ள புள்ளிகளை இரு பக்கமும் நறுக்கிவிடுகிறேன்.