ஃப்ளோரைட், கால்சைட் போன்ற மென்மையான வண்ணக் கற்களை அகேட்டோடு சேர்த்து உருட்டி மெருகேற்றலாமா?

மெருகேற்றலாம், ஆனால் சேர்த்து வேண்டாம். கல்லின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் அகேட் ஏறக்குறைய 7, ஃப்ளோரைட் 4, கால்சைட் 3. கற்களை உருட்டும் ஒரே உருளையில் போட்டால் கடினமான கல் மற்றதைத் தின்றுவிடும். என் பச்சை ஃப்ளோரைட் அப்படித்தான் பாதியாகத் தேய்ந்து, ஓரமெல்லாம் மூளியாகி வந்தது.

ஃப்ளோரைட்டில் இன்னொரு தொல்லை, அது நான்கு திசைகளில் சுலபமாகப் பிளக்கும். அதனால் கற்கள் மோதிக்கொள்ளாதபடி பிளாஸ்டிக் மணிகளைத் தாராளமாகப் போட்டு, உருளையை முக்கால் பங்கு நிரப்புங்கள். சொரசொரப்பான தேய்ப்புப் பொடியைத் தவிர்த்து, அதைவிட நுண்ணிய 220 எண் பொடியிலிருந்து தொடங்கலாம். கடைசி மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு.

தினமும் ஒரு கல்லைக் கழுவி, துடைத்து, காய்ந்தபின் பாருங்கள். ஈரத்தில் எல்லாக் கல்லும் பளபளக்கும், ஏமாந்துவிடாதீர்கள்! அப்புறம், உருளையில் சேரும் சேற்றுத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும்.