நெற்றியில் தெரிவது மூன்றாவது கண்தானா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன், வயது 26. யூடியூபில் பார்த்து, இரண்டு மாதமாக எல்லாரும் தூங்கிய பிறகு புருவ மத்தியைப் பார்த்தபடி தியானம் செய்கிறேன். படுக்க ஒரு மணியாகிவிடும். நீல ஒளி தெரிகிறது, நெற்றி பாரமாகிறது, காலையில் தலையிடி. மூன்றாவது கண் திறக்கிறதா டொக்டர்? அம்மா பயப்படுகிறார்.

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியதில் அம்மா பயப்படும்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் செய்யும் முறையை இன்றைக்கே மாற்றுங்கள்.

கண்ணை மூடி, விழிகளைப் புருவ மத்திக்கு உயர்த்திக்கொண்டு, விரலை நெற்றியில் வைத்துப் பாருங்கள். அங்கே தசை இறுகுவது தெரியும். விழியைத் திருப்பும் தசைகளும் இப்படித்தான் களைக்கின்றன. பாரம் அதனால்தான். இருட்டில் கண்ணை மூடினாலும் விழித்திரையும் மூளையின் பார்வைப் பகுதியும் ஓய்வதில்லை. நீலமும் புள்ளிகளும் யாருக்கும் தெரியும்.

வீடியோக்களில் பீனியல் சுரப்பியைத்தான் மூன்றாவது கண் என்கிறார்கள். அது நெற்றிக்குப் பின்னால் இல்லை, மூளையின் நடு ஆழத்தில் அரிசி மணி அளவில் இருக்கிறது. நியூசிலாந்தின் டுவாட்டாரா என்ற ஊர்வனவுக்கு உச்சந்தலையில் ஒளியை உணரும் கண் ஒன்று உண்மையாகவே உண்டு. மனிதருக்கு அப்படி இல்லை. நம் பீனியல் சுரப்பி எதையும் பார்ப்பதில்லை. இருட்டானதும் மெலடோனின் சுரந்து உடம்பைத் தூக்கத்துக்குத் தயாராக்குகிறது. சிவனின் நெற்றிக்கண் மேல் உங்களுக்குள்ள பக்தி அப்படியே இருக்கட்டும். அதை ஒரு சுரப்பியில் தேட வேண்டாம்.

எனக்குக் கவலை உங்கள் தூக்கம்தான். ஒரு மணிக்குப் படுத்து, விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, ஈரச் சரிவில் கூடையோடு ஏறுகிறீர்கள். தலையிடிக்கு அதுவே போதும், கால் வழுக்கினால் அதைவிட மோசம்.

தியானம் நல்லது, விட வேண்டாம். வேலை முடிந்து குளித்த பிறகு, பொழுது சாயும்போது கால் மணி நேரம் உட்காருங்கள். விழிகளை எங்கும் நிறுத்தாமல் தளரவிட்டு மூச்சை மட்டும் கவனியுங்கள். வேகமாக மூச்சிழுக்கும் பயிற்சி வேண்டாம். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் விறைக்கும். அதைப் பார்த்துச் சக்தி ஏறுகிறது என்று நினைத்துவிடுவார்கள்.

இரண்டு வாரத்தில் தலையிடி குறையாவிட்டால் பக்கத்து வைத்தியசாலையில் பிரஷர், கண், இரத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் தோட்டப் பெண்களிடம் இரத்தசோகை அதிகம், தலையிடி அதனாலும் வரும். அப்புறம், சாப்பிட்டவுடன் பிளேன்டீ குடிக்காதீர்கள், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

கண் திறந்திருக்கும்போதே ஒளி மின்னினாலோ, பார்வையில் திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள். ஆளில்லாமல் குரல் கேட்டாலோ, பல இரவு தூங்காமலும் களைப்பே தெரியாவிட்டாலோ, தனக்கு மட்டும் ஏதோ சக்தி வந்ததாகத் தோன்றினாலோ தியானத்தை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தாலோ, உங்களுக்கு வலிப்பு இருந்தாலோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.