செயின்ட் லூயிஸா, சிகாகோவா: வாடகை வீடு எடுக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: என் மகளுக்குச் செயின்ட் லூயிஸ், சிகாகோ ஆகிய இரு நகரங்களிலும் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்துள்ளது. ஆபத்தான அமெரிக்க நகரங்களின் பட்டியல் எதைத் திறந்தாலும் செயின்ட் லூயிஸ் முன்வரிசையில் நிற்கிறது. செய்திகளில் அதிகம் அடிபடுவதோ சிகாகோ. எந்த ஊர் பாதுகாப்பானது? வாடகை மலிவான ஏழைப் பகுதிகளை எல்லாம் ஒதுக்கிவிட வேண்டுமா?

பதில்: ஊரைப் படிப்பையும் செலவையும் வைத்து முடிவு செய்யுங்கள், பாதுகாப்பைத் தெருவை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். குற்றப் பதிவுகளைத் தொகுத்து வெளியிடும் எஃப்பிஐ அமைப்பே, அவற்றைக் கொண்டு நகரங்களைத் தரவரிசைப்படுத்த வேண்டாம் என்று நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. லட்சம் பேருக்கு இத்தனை கொலைகள் என்னும் கணக்கில் யார் யார் சேருவார்கள் என்பதை நகராட்சி எல்லைதானே தீர்மானிக்கிறது?

செயின்ட் லூயிஸ் 1876-இல் தன்னைச் சூழ்ந்திருந்த கவுண்டியிலிருந்து (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பிரிந்தது. அன்று வகுத்த எல்லை பின்னர் விரியவே இல்லை. அதற்குள் இப்போது 3 லட்சத்துக்கும் குறைவானோர் வாழ்கிறார்கள். சுமார் 10 லட்சம் பேர் வாழும் கவுண்டியும் அதன் வசதியான புறநகர்களும் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகின்றன. புளோரிடாவின் ஜாக்சன்வில் 1968-இல் டூவால் கவுண்டியோடு இணைந்துவிட்டதால், அமைதியான புறநகர் மக்களும் அதன் கணக்கில் சேர்ந்து விகிதத்தைக் குறைக்கிறார்கள். 2024-இல் செயின்ட் லூயிஸில் 150 கொலைகளும் சிகாகோவில் 570-க்கு மேற்பட்ட கொலைகளும் நடந்தன. லட்சம் பேருக்கு என்று வகுத்தால் முன்னது 50-ஐத் தாண்டுகிறது, பின்னது ஏறத்தாழ 21-இல் நிற்கிறது. இந்த இடைவெளி முழுவதும் எல்லைக்கோட்டின் வேலை என்று சொல்ல மாட்டேன். வட செயின்ட் லூயிஸின் துப்பாக்கி வன்முறை உண்மையானது.

அந்த ஊரை அறிய டெல்மார் சாலைக்குப் போக வேண்டும். சாலைக்குத் தெற்கே, தூண்களும் இரும்புக் கதவுகளும் காவல் நிற்கும் தனியார் தெருக்களும் பெரிய மாளிகைகளும் இருக்கின்றன. வடக்கே சிறிது தூரம் நடந்தாலே, ஜன்னல்களில் பலகை அடித்த செங்கல் வீடுகளும் புதர் மண்டிய காலி மனைகளும் தொடங்கிவிடுகின்றன. வடக்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு தயாரித்த வரைபடங்களில், நாடெங்கும் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் கடன் கொடுக்க அபாயமானவை என்று சிவப்பு வண்ணம் பூசப்பட்டன. வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968-இல்தான் வந்தது. அதற்குள் பணமும் கடைகளும் வெளியேறத் தொடங்கிவிட்டன. (2025 மே மாதச் சூறாவளியும் வட பகுதியையே கடுமையாகத் தாக்கியது. ஆகவே அங்கே கூரை பிய்ந்த வீட்டைக் கண்டதும் அதைக் குற்றத்தின் தடயமாக எண்ண வேண்டாம்.)

ஏழ்மையும் ஆபத்தும் பல இடங்களில் சேர்ந்தே காணப்படுகின்றன என்பது மெய். ஆனால் ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது. டெக்சாஸின் எல் பாசோவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்கிறார். நாட்டின் சராசரியைவிட இது மிக அதிகம். இருந்தும் அந்நாட்டின் பெருநகரங்களுள் கொலை விகிதம் மிகக் குறைந்தவற்றில் ஒன்றாகவே அது பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. வறுமைக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு: பல்கலைக்கழக விடுதியில் தங்கும் மாணவர்கள் அதில் சேர்வதில்லை, வெளியே அறை எடுத்துத் தங்குபவர்கள் சேர்கிறார்கள். வருமானம் இல்லாத அவர்களால், வளாகத்தை ஒட்டிய தெருக்கள் காகிதத்தில் பரம ஏழையாகத் தெரியும்.

ஒரே பகுதிக்குள்ளும் தெருவுக்குத் தெரு நிலைமை மாறும். சியாட்டிலில் 1989 முதல் 2002 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, மொத்தத் தெருத் துண்டுகளில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கிலேயே பாதிக் குற்றங்கள் நடந்திருப்பது தெரியவந்தது. சிகாகோவின் 77 சமூகப் பகுதிகளில் வன்முறை மிகுந்த வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்கையும் வசதியான லிங்கன் பார்க்கையும் ஒரே சராசரிக்குள் அடைப்பதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

எனவே முகவரி கையில் கிடைத்ததும், அந்நகரக் காவல்துறையின் இணைய வரைபடத்தில் அந்தத் தெருவுக்கும் சுற்றியுள்ள நான்கைந்து பிளாக்குகளுக்கும் உரிய கடந்த இரண்டு மூன்று ஆண்டுப் பதிவுகளைப் பாருங்கள். மொத்தக் குற்ற எண்ணிக்கையை விட்டுவிட்டு, வழிப்பறியையும் துப்பாக்கிச் சூட்டையும் தனித்தனியே எண்ணுங்கள். திருட்டுகளில் பாதிக்கு மேல் காவல்துறைக்குப் போவதே இல்லை; அவ்வெண் குறைவாக இருப்பதை நம்பிவிடாதீர்கள். சிகாகோவின் லூப் போன்ற வணிக மையங்களில் குடியிருப்போர் குறைவு, வந்து போவோர் அதிகம் என்பதால் விகிதம் ஊதிப் பெருத்துத் தெரியும்.

மகள் போய்ச் சேர்ந்ததும் ஒரு வாரமாவது தற்காலிக இடத்தில் தங்கட்டும். வகுப்போ ஆய்வகமோ முடிந்து அவர் திரும்பக்கூடிய நேரத்தில், இரவு ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்கே, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு ரயில் நிலையத்திலிருந்து அந்த வீடு வரை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். எந்தக் கடை திறந்திருக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை, பல்கலைக்கழகத்தின் இரவு வண்டி எந்தத் தெருமுனை வரை வருகிறது என்று குறித்துக்கொண்ட பிறகு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம்.